காமனுக்குக் காவல் இருந்தோம்

பாலத்தைத் தாண்டிப் பாதி ஏற்றம் ஏறிய பிறகுதான், வாளியை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை. கிளம்பிய இடத்துக்குத் திரும்புகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. கையில் பொலிஸ் நிலையத்தில் கொடுத்த சுவர்க் கடிகாரம். தோளில் துணிப்பை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டிக்கோயாப் பக்கம் போகிற பஸ் ஒன்று மெதுவாகி, கண்டக்டர் தலையை நீட்டி, "ஏறுங்க மாமா, நனையிறீங்களே" என்றான். "நீ போப்பா, நான் நடந்துக்கிறேன்" என்றேன். இந்த வேலைக்கு வந்த அன்றும் இதே ரோட்டில் நடந்துதான் வந்தேன். அன்றைக்குப் பஸ்ஸுக்குக் காசில்லை. இன்றைக்குக் காசு இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்று காலையில் தேநீரும் கேக்கும் வைத்து என்னை ஓய்வில் அனுப்பினார்கள். பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. அங்கே கூட்டுக்கு உள்ளேயும் கமரா, வெளியேயும் கமரா. எங்கள் நிலையத்தின் ஒரே தமிழ்ப் பெண் கான்ஸ்டபிள் ஜெனிட்டா, வாயில் கேக்கை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அங்கிள், காமன உள்ள வச்ச கேஸுன்னு பழைய ஆளுங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்களே, என்னா அது?"

"சிரிக்க ஒண்ணுமில்ல. நாலு பேரு ஒரு கயித்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்."

"கயித்தையா?"

"கயித்தத்தான்."

"அப்ப எழுதி வைங்க. கமராவுக்கு அதெல்லாம் தெரியாதுல்ல."

எழுதுகிற கை இல்லை எனக்கு. ஆனாலும் அந்த ஏற்றத்தில் நடக்க நடக்க மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். அதுதான் இது.

கூடு என்று நாங்கள் சொல்வது பொலிஸ் நிலையத்துக்குள் இருக்கிற சின்ன அறை. சிங்களத்தில் கூடுவ. பிடித்து வந்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தும்வரை வைத்திருக்கிற இடம். ஒரு நாள், அதற்குமேல் இல்லை. பெரிய சிறைச்சாலைக்குள் போனவனுக்குப் பாய் உண்டு, இலக்கம் உண்டு, சாப்பாட்டு மணி உண்டு. கூட்டுக்குள் வந்தவனுக்கு ஒன்றும் கிடையாது. அவன் இன்னும் கைதியுமில்லை, வெளியாளுமில்லை. அந்த ஒரு நாளில்தான் மனிதன் ரொம்ப உடைந்துபோவான். நான் உள்ளே இருந்தும் பார்த்திருக்கிறேன், வெளியே இருந்தும் பார்த்திருக்கிறேன்.

பிறந்தது திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். ஆறாம் வகுப்போடு போதும் என்று நானே முடிவு செய்தேன். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. ஹட்டனில் பேக்கரி, கொழும்பில் ஹோட்டல் பாத்திரம், மூட்டை தூக்குகிற வேலை, நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டுக் கம்பிகளுக்குச் சாயம் அடிக்கிற வேலை. ஒரு இடத்தில் இரண்டு மழைக்காலம் தங்கியதில்லை. தெற்கே ஒரு கடற்கரைப் பட்டணத்தில், அடையாள அட்டை இல்லாமல் ரோட்டில் போனதற்காக என்னைப் பிடித்துக் கூட்டில் போட்டார்கள். இடுப்பில் கிடந்த அரைஞாண் கயிற்றை அறுத்து எடுத்தார்கள். அடித்தார்களா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. தண்ணீர் கேட்டேன். நான் கேட்டது அங்கே யாருக்கும் விளங்கவில்லை. மறுநாள் விட்டார்கள். கயிறு திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு முதல் வேலையாகச் சிங்களம் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சிங்களம்தான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. மலைக்கு நடுவில் ஒரு சின்னப் பொலிஸ் நிலையம்; பெயர் வேண்டாம். லேபர் வேலை. கூட்டுறது, கழுவுறது, தேநீர் வாங்கி வர்றது. பிடிபட்டு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். பிடித்து வருகிறவர்கள் எல்லாரும் சிங்களம். முதல் வாரத்திலேயே துடைப்பத்தை வைத்துவிட்டு நடுவில் நின்று பேச வேண்டியதாகிவிட்டது. சம்பளம் துடைப்பத்துக்கு, வேலை வாய்க்கு.

கூட்டுக்குள் ஆளை விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆளை வெளிச்சத்தில் நிறுத்திக் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய காயம் என்றால் அவன் வாயாலேயே அதைச் சொல்ல வைக்க வேண்டும். இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் கூடு. அப்புறம் இடுப்புப் பட்டி, சப்பாத்து நாடா, கழுத்துத் தாயத்து, சால்வை என்று தூக்கு மாட்டிக்கொள்ள உதவுகிற எதையும் எடுத்துவிட வேண்டும். புதிதாக வந்த சிங்களக் கான்ஸ்டபிள்கள் சிலர் அரைஞாண் கயிற்றை விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எடுத்த ஒவ்வொன்றையும் உரியவன் முன்னால், அவன் மொழியில், சத்தமாகச் சொல்லிப் பையில் போட்டுக் கட்ட வேண்டும். போகும்போது அதே மாதிரி சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெண்களை எங்கள் கூட்டில் வைப்பதில்லை. பெண் அதிகாரி இருக்கிற பெரிய நிலையத்துக்கு அனுப்பிவிடுவோம். சாப்பாட்டுப் பார்சலின் நூலை வெளியிலேயே அவிழ்த்துவிட வேண்டும். வீட்டிலிருந்து சாப்பாடு வந்தால், கொண்டுவந்தவர் எங்கள் கண் முன்னால் முதல் வாய் சாப்பிட வேண்டும். குளிருக்குக் கம்பளி உண்டு, ஆனால் ஓரத் தையல் பிரிந்த கம்பளி கொடுக்கக்கூடாது. பிரிந்தால் அது கயிறு.

இதெல்லாம் ஏட்டில் இருந்தது. ஏட்டிலிருந்து இறக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் நான் வேலைக்கு வந்து பல வருடம் கழித்து வந்த ஓ.ஐ.சி.; அதாவது நிலையப் பொறுப்பதிகாரி. என்னைவிட வயதில் இளையவர். ஒல்லி ஆள், மூக்கில் எப்போதும் சளித் தடிமன். மேசையில் ஒரு சுடுதண்ணிப் போத்தல். எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் அதன் மூடியைத் திருகி, மூடியிலேயே ஊற்றி, ஊதி ஊதிக் குடிப்பார். அவசரக்காரர்களுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

வந்த முதல் நாள் காலையில், நான் கூட்டைக் கழுவிவிட்டு வெளியே வந்தேன். அவர் உள்ளே போய்ச் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"முத்து, கதவைச் சாத்து."

"சேர்?"

"சாத்து. பூட்டு."

பூட்டினேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். படுத்தும் பார்த்தார். பிறகு, "இந்த மூலையில தண்ணி காயல. நீ சாக்குப் போட்டுத் துடை. ஆள் படுக்கிற இடம்" என்றார். மாற்றலாகிப் போகும்வரை எல்லாக் காலையும் அப்படித்தான். உடுப்பின் பின்பக்கம் ஈரமாக அவர் நாளைத் தொடங்குவதைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள், பிறகு தாங்களும் கூட்டை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அவரிடம் ஒரே கேள்விதான் உண்டு. யாராவது ஏட்டைக் காட்டி "விதி அப்படி சேர்" என்றால், மூடியை ஊதிக்கொண்டே கேட்பார்: "ஹரி. அந்த விதி எதுக்கு?" ஹரி என்றால் சிங்களத்தில் சரி.

அந்தக் கேள்வியைப் பிடிக்காதவர் எங்கள் சார்ஜன். பெரிய உடம்பு, பெரிய மீசை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல். கயிறு என்று எதைப் பார்த்தாலும் அறுத்துவிடுவார். கல்நெஞ்சக்காரர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அது மாசி மாதம். தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிற காலம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தவத்தில் இருக்கிற சிவன்மேல் காமன் அம்பு விடுவான், சிவன் கண்ணைத் திறந்து அவனை எரிப்பார், அவன் பெண்சாதி ரதி அழுது உயிர்ப்பிச்சை கேட்பாள். இதைப் பல நாள் ஆடி, கடைசி நாள் திடலில் நெருப்பு மூட்டி, காமனை எரிக்கிற தகனத்தோடு முடிப்பார்கள். காமன் வேசம் கட்டுகிறவனுக்கு மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அதுதான் காப்பு. கட்டினால் தகனம் முடிந்துதான் அவிழ்க்கலாம். அதுவரை மச்சம் மாமிசம் கிடையாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. நடுவில் அறுந்தால் கூத்து நின்றுபோகும்.

தகனத்துக்கு முதல் நாள் மத்தியானம், வன இலாகா ஆட்கள் ஒருவனைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். கூடவே ஒரு கோடரியும் கொஞ்சம் கட்டைகளும். தோட்டத்து எல்லைக்குள் கிடக்கிற காப்புக்காட்டில் விறகு வெட்டிய வழக்கு. பெயர் தங்கராசு, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

வன இலாகாக்காரர் ஒருவருக்கே ஆச்சரியம். "நாலு பேர் ஓடினாங்க. மூணு பேர் ஓடையைத் தாண்டிப் போயிட்டாங்க. இவன் மட்டும் ஓடைக்கரையில வந்து பிரேக் போட்ட மாதிரி நின்னுட்டான். கால் நல்லாத்தானே இருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் தங்கராசிடம் கேட்டேன். "ஏன்டா ஓடல?"

"ஓடைதாண்ணே எங்க தோட்டத்து எல்ல. காப்பு கட்டிக்கிட்டு எப்படித் தாண்டுறது?"

"இப்பத் தாண்டித்தானே வந்திருக்க?"

"நானா தாண்டல. இவங்க தூக்கிட்டு வந்தாங்க."

"விறகு எதுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டான். "தகனத்துக்குத்தாண்ணே. மிலாறு போட்டா படபடன்னு எரிஞ்சு அடங்கிருது. நின்னு எரியக் கட்ட வேணும்ல."

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைத்தான் நாங்கள் மிலாறு என்போம். அவன் சொன்னது சரிதான். அதாவது தன்னை எரிக்கிறதற்கு விறகு வெட்டப்போய்ப் பிடிபட்டிருக்கிறான். சார்ஜனுக்கு இதை நான் சிங்களத்தில் சொன்னபோது ரைட்டர் மேசையில் இருந்தவர் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார்.

சார்ஜன் சிரிக்கவில்லை. பெயர் எழுதி, காயம் பார்த்து, பட்டியைக் கழற்றி, அரைஞாணை அறுத்து, எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு கத்தரிக்கோல் மணிக்கட்டுக்கு வந்தது. தங்கராசு கையை இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியபடியே என்னைப் பார்த்தான்.

"அண்ணே, கைய வேணும்னா வெட்டச் சொல்லுங்க. இத விட்டுறச் சொல்லுங்க. வீட்ல மூணு தடவ தங்கல. இது நாலாவது. மாசம் நெருங்கிருச்சு. புள்ளைக்காகத்தான் இந்தக் காப்பே கட்டுனேன். அறுந்துச்சுன்னு அவ காதுல விழுந்தா அவ தாங்க மாட்டா."

அப்படியே சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்திருந்த சார்ஜனின் சொந்த மணிக்கட்டில் வெள்ளை நூல் ஒன்று இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். பன்சலையில் பிக்குகள் ஓதிக் கட்டுகிற பிரித் நூல். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு லேபர் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. ஓ.ஐ.சி.யின் அறைக்குப் போனேன்.

அவர் வந்தார். போத்தலோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். மூடியைத் திருகினார்.

"சேர், விதி அப்படி" என்றார் சார்ஜன்.

"ஹரி. அந்த விதி எதுக்கு?"

சார்ஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுக்குன்னு எனக்குத் தெரியும் சேர். வேற ஒரு நிலையத்துல, இத விடப் பெரிசா இல்லாத கயித்துல ஒருத்தன் தொங்கினான். நான்தான் இறக்கினேன். நீங்க யாரும் இறக்கினதில்ல."

அவர் ஏன் கத்தரிக்கோலோடு அலைகிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஓ.ஐ.சி. மூடித் தண்ணீரை அவரிடமே நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார்.

"அப்போ விதி கயித்துக்காக இல்ல, ஆளுக்காக. ஒரு கண் இமைக்காம இவனப் பாத்துக்கிட்டு இருந்தா, கயிறு இருந்தாலும் ஆள் இருப்பான்" என்றார் ஓ.ஐ.சி. "நாற்காலி போடுங்க. மாறி மாறி உக்காருவோம். நானும் உக்காருறேன். ஏதும் ஆனா என் தலை."

"முதல்ல நான் உக்காருறேன்" என்றார் சார்ஜன். கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் போட்டார். "என் கண்ணு இமைக்காது."

கூட்டுக்கு முன்னால் நாற்காலி வந்தது. மொழிக்கு ஆள் வேண்டுமே என்று பக்கத்தில் நான் என் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் தங்கராசுவின் பெண்சாதி வந்தாள். தோட்டத்துத் தலைவர் கூட வந்திருந்தார். அவள் நிறைவயிற்றோடு இறக்கத்தில் நடந்தே வந்திருக்கிறாள். கையில் தூக்குச்சட்டி. எங்கள் நிலையத்துச் சாப்பாட்டில் கருவாடு; காப்பு கட்டியவன் தொடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வந்தவள் முதலில் பார்த்தது அவன் முகத்தை இல்லை, மணிக்கட்டை. பார்த்துவிட்டுத்தான் மூச்சுவிட்டாள்.

"நீ முதல் வாய் சாப்பிடணும்மா. இங்க அதான் முறை" என்றேன்.

"நான் சாப்பிட மாட்டேங்க. அவரு வெளிய வர்ற வரைக்கும் பச்சத் தண்ணி தொட மாட்டேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டேன்."

தலைவர் பெருமூச்சு விட்டார். "மத்தியானத்துலேருந்து இதே பேச்சுத்தாங்க. நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம்."

ஓ.ஐ.சி. அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விசயத்தை என்னிடம் விசாரித்தார். பிறகு அவளிடமே, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "நோனா, இது சாமிக்குச் சொன்ன விசயம் இல்ல. இது பொலிஸ் விசயம். நீங்க சாப்பிடல்ல, அவருக்கு நான் கொடுக்க முடியாது. ஒரு வாய் போதாது. வெசம் இருக்கா தெரிய, பாதி சாப்பிடணும்."

பாதி என்று எந்த ஏட்டிலும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "ஆமா, பாதி" என்றேன். வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, பாதிச் சோற்றையும் சாப்பிட்டாள். கூட்டுக்குள்ளிருந்து தங்கராசு, "ரசத்தையும் ஊத்திக்க, அதுலதான் வெசம் இருக்கும்" என்றான். அழுகிறவளுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. மிச்சப் பாதியை அவன் சாப்பிட்டான். தலைவர் ஒரு வான் வண்டி பிடித்து அவளை ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு சார்ஜனுக்கும் பொழுது போகவில்லை. கூத்து என்ன கதை என்று கேட்கச் சொன்னார். தங்கராசு சொல்லச் சொல்ல நான் சிங்களமாக்கினேன்.

"அப்போ நாளைக்கு உன்ன எரிச்சிருவாங்களா?"

"ஆமா சேர். சாம்பலாக்கிருவாங்க."

"அட பாவி! நாளைக்குச் சாகப் போறவனுக்கா நான் இடுப்பு நோக உக்காந்து உயிர்க்காவல் இருக்கேன்?"

தங்கராசு கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மூணாம் நாள் எழுப்பிருவாங்க சேர். பயப்படாதீங்க."

பிறகு ஓ.ஐ.சி. உட்கார்ந்தார், ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்தார், மறுபடியும் சார்ஜன். விடியும்வரை ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வேலையில் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குப் பெயர்தான் வெற்றி. காலையில் கயிறு இருந்தது, ஆளும் இருந்தான்.

ஆனால் இன்னொரு வாசல் பாக்கி இருந்தது. நீதிமன்றத்தில் வழக்கு கூப்பிடும்வரை ஆட்களை வைக்கிற கூடு எங்கள் கையில் இல்லை. அது சிறைக் காவலர்கள் பொறுப்பு. எங்கள் ஓ.ஐ.சி.யின் சொல் அங்கே செல்லாது. அவர் வேறு அலுவலாக இருந்தார். தங்கராசுவைக் கொண்டுபோனது சார்ஜன்தான். நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். யாரும் ஏறச் சொல்லவில்லை, இறங்கவும் சொல்லவில்லை. விலங்கை இடது கையில் போட்டார் சார்ஜன், வலது கையில் உரசும் என்று.

நீதிமன்றக் கூட்டு வாசலில் இருந்த காவலர் நல்ல மனிதர்தான். ஆனால் காலையிலிருந்து ஆட்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தார். மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் கையை நீட்டினார். "இத வெட்டாம உள்ள விட முடியாது."

தங்கராசு என்னைப் பார்த்தான். நான் சார்ஜனைப் பார்த்தேன். அவர் கை சட்டைப்பைக்குப் போனது. கத்தரிக்கோலை வெளியே எடுத்தார். காவலர் கையில் கொடுத்தார். பிறகு தன் மணிக்கட்டையே நீட்டினார்.

"முதல்ல இத வெட்டு. நானும் உள்ளதான் போறேன்."

"என்ன சார்ஜன், பைத்தியமா?"

"அந்த விதி எதுக்கு?" என்றார் சார்ஜன். ஓ.ஐ.சி. கேட்கிற அதே தொனி. மூடியும் தண்ணீரும்தான் இல்லை. "இவன் கூடவே உள்ள உக்காருறேன். நான் பாக்காம இவன் சாக முடியாது. கயித்த விடு. இல்லன்னா ரெண்டையும் வெட்டு."

காவலர் பிரித் நூலைப் பார்த்தார். மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உள்ள போறதுன்னா பட்டியக் கழட்டிட்டுப் போங்க" என்றார். விதி விதிதான். சார்ஜன் இடுப்புப் பட்டியைக் கழற்றினார், சப்பாத்து நாடாவையும் உருவினார். எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டு, தொளதொளத்த காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போய்த் தங்கராசுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே இருந்த மற்றவர்கள் பெரிய மீசையையும் கழன்ற சப்பாத்தையும் பார்த்து, இவர் என்ன குற்றம் செய்தார் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

வழக்கு கூப்பிட்டார்கள். தங்கராசு வெட்டியதை ஒத்துக்கொண்டான். பட்டுப்போன மரம், முதல் குற்றம் என்று வன இலாகாவும் சொன்னது. நீதவான் சரீரப் பிணையில் விட்டார்; வழக்கு பின்னால் ஒரு தண்டப்பணத்தோடு முடிந்தது. வெளியே வந்ததும் பையைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவனுடைய பட்டி, அறுந்த அரைஞாண். சார்ஜன் தன் பட்டியையும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

விடுதலையானவனை ஜீப்பில் ஏற்ற வழியில்லை. ஆனால் சார்ஜனுக்கு அந்தத் தோட்டத்துப் பக்கம் திடீரென்று ஒரு அலுவல் வந்துவிட்டது. எல்லை ஓடைக்கு அந்தப் பக்கம் தோட்டமே நின்றது. தப்படிக்கிறவர்கள், ரதி வேசக்காரர், பூசாரி, பிள்ளைகள், அவன் பெண்சாதி. தங்கராசு ஓடைக்கு இந்தப் பக்கம் இறங்கி நின்றுவிட்டான். பூசாரி என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"நீயா தாண்டுனியா?" என்றார் பூசாரி.

"இல்லீங்க. தூக்கிட்டுப் போனாங்க."

"அப்ப வர்றதும் அப்படியே வா."

சார்ஜனுக்கு நான் அதைச் சொல்லி முடிக்கவில்லை. அவர் தங்கராசுவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டார். தப்பு முழங்கியது பாருங்கள், அந்த மாதிரிச் சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை.

வெட்டிய கட்டைகள் வழக்குப் பொருளாக எங்கள் நிலையத்தில் கிடந்தன. ஆனால் திடலில் விறகுக் குவியல் ஆள் உயரம் இருந்தது. காட்டுக் கட்டை ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு ஒரு கட்டை என்று ஒவ்வொரு லயத்து அடுப்படியிலிருந்தும் எடுத்து வந்திருந்தார்கள். அன்றைக்குக் காமன் எரிந்தான், நின்று எரிந்தான். மூன்றாம் நாள் எழுந்தான். அந்த மாதமே பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்ற செய்தியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தவர் சார்ஜன்தான்.

இத்தனை வருடம் ஒரே இடத்தில் எப்படி இருந்தாய் என்று என்னைத் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. அந்த நாளுக்குப் பிறகு கிளம்பத் தோன்றவில்லை. எங்கள் கூட்டுக்குள் வந்த யாரும் தண்ணீர் கேட்டுக் கிடைக்காமல் இருந்ததில்லை. உயிரோடு வந்த எல்லாரும் உயிரோடுதான் போனார்கள். இதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சம் கிடையாது.

இப்படி நினைத்துக்கொண்டே ஏற்றம் முடிந்து டிக்கோயாவுக்கு வந்துவிட்டேன். இருட்டுவதற்கு முன்னால் தங்கராசுவின் வீட்டு வாசலில் நின்றேன். அவன் இப்போது தொழிற்சாலைகளுக்கு விறகு சப்ளை செய்கிறான். சொந்த லொறி, முறையான அனுமதிப் பத்திரம். கடிகாரத்தை அவன் மகளிடம் கொடுத்தேன். உயரமாக வளர்ந்துவிட்டாள்; சுவரில் அவளே ஆணி அடித்தாள்.

"என்னாண்ணே, இனி வீட்ல இருக்கப் போறீங்களா?" என்றான் தங்கராசு.

"எந்த வீட்ல?"

"அதானே. ராத்திரி இங்கயே படுத்துட்டு நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துருங்க. லொறிக்கு ஆள் வேணும். பாரம் தூக்க வேணாம். பத்திரத்தக் கையில வச்சிக்கிட்டு வழியில மறிக்கிறவங்ககிட்டப் பேசுனாப் போதும்."

மறுநாள் காலையில் வேலைக்குச் சேர்ந்தேன். மறுபடியும் மாசி. முதல் பாரம் தொழிற்சாலைக்கு இல்லை, தோட்டத்துக் கூத்துத் திடலுக்கு. என் பழைய நிலையத்துக்கு முன்னால் ஒரு கை நீண்டு லொறியை மறித்தது. ஜெனிட்டா.

"விறகா? எங்க போகுது? பேப்பர் இருக்கா?" என்று அதட்டிக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். "அங்கிள்! நேத்துத்தானே போனீங்க?"

"இருக்கு தங்கச்சி, பேப்பர் இருக்கு. முறப்படி வாசிச்சுப் பாருங்க."

வாசித்தாள். முழுவதும் வாசித்தாள். பின்னால் போய்க் கட்டைகளையும் தட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடி என் வாளியைக் கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்கி விறகின்மேல் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். "போலாம் தங்கராசு" என்றேன். லொறி ஏற்றத்தில் ஏறியது.